ஜிம்மிக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய்

அன்று ஜிம்மி உறுமியது என் மகளைப் பார்த்தா, என் கையிலிருந்த சோற்றைப் பார்த்தா? மாதங்கள் போய்விட்டன. இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

ஜிம்மி எங்கள் வீட்டு நாய். அப்போது அவனுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மகள் ஆதிரைக்கு இரண்டரை. லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு முன்னறை, ஒரு மழை நாள் மத்தியானம். ஹீட்டருக்கு மேல் காயப்போட்ட சின்னச் சட்டைகளின் ஈர வாசம். பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோற்றுக் கோப்பையோடு நான் சோபாவைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆதிரை. பின்னால் ஜிம்மி.

ஒரு உருண்டை என் விரலிலிருந்து நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. ஆதிரை அதை எடுக்கக் குனிந்தாள். ஜிம்மி முந்திக்கொண்டு போய் முகத்தை அதன் மேல் வைத்தான். அவன் உடம்பு கட்டைபோல இறுகியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம், தெருவில் ஒரு பழைய லொறி ஸ்டார்ட் ஆக மறுப்பதுபோல.

நான் பிள்ளையைத் தூக்கிய வேகத்தில் கோப்பை கவிழ்ந்தது. ஜிம்மி கடிக்கவில்லை. கீழே கொட்டியதையெல்லாம் நிதானமாகத் தின்றுவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். என் தோளில் கிடந்த ஆதிரை கைகொட்டிச் சிரித்தாள்.

"அம்மா, ஜிம்மி பாட்டுப் பாடுறான்!"



சைக்கிளில் தூக்கிய கால்கள்

நாய் என்பது எனக்குச் சுலபமாகப் பழகிய உயிர் இல்லை.

யாழ்ப்பாணத்தில் டியூசனுக்குச் சைக்கிளில் போன எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். நாய் துரத்தினால் பெடலை விட்டுவிட்டு இரண்டு கால்களையும் ஹாண்டில் உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும். சைக்கிள் தன் பாட்டில் ஓடும். அதன் வேகம் குறைவதற்குள் நாய்க்கு அலுத்துவிட வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை.

நாயின் பழக்கவழக்கம் என்று யாரும் அங்கே பேசிக் கேட்டதில்லை. கடிக்கிற நாயைக் கட்டிவைப்பார்கள். கடிக்காதது வீட்டு வளவுக்குள் திரியும். மிச்சச் சோறு பின்பக்கத்தில் ஒரு பழைய சட்டியில் விழும். அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல்.

கல்யாணம் முடித்து லண்டன் வந்த பிறகும் நான் மாறவில்லை. பூங்காவில் நாயைக் கண்டால் ஆதிரையின் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வாசலால் வெளியேறிவிடுவேன். ஒரு நாள் கையளவு நாய் ஒன்று பக்கத்தில் வந்ததற்கே ஆதிரை மூச்சு நின்றுவிடும்போல அலறினாள். அவளை எந்த நாயும் தொட்டதுகூட இல்லை. அந்தப் பயம் என்னுடையது. நான் சொல்லிக்கொடுக்காமலே எடுத்துக்கொண்டாள்.

என் கணவர் குகன் வீடுகளில் தண்ணீர் சூடாக்கும் பொயிலர் திருத்துகிறவர். போகிற வீட்டு நாயின் தலையைத் தடவிவிட்டுத்தான் கருவிப் பெட்டியைத் திறப்பார். அவர்தான், "ஒரு குட்டி எடுப்பம். அவளும் பழகுவாள், நீரும் பழகுவீர்" என்றார்.

பெயரையும் அவரே வைத்தார். யாழ்ப்பாணத்தில் பாதி நாய்களுக்கு ஜிம்மி என்றுதானே பெயர்! பூங்காவில் முதல் நாள் நான் "ஜிம்மி, இஞ்ச வா!" என்று கூப்பிட்டேன். பெஞ்சில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து, பேப்பரை மடித்துவைத்துவிட்டு, என்னை நோக்கி வந்தார். அவர் பெயரும் ஜிம்மியாம்.

எல்லாம் வாசித்தேன்

ஆதிரை பிறந்தபோது செய்ததையே ஜிம்மி வந்தபோதும் செய்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். நான் ஒரு மருந்துக்கடையில் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக் கடைசி வரிவரை வாசிக்கிற ஆள். நாய் ஒரு பிழையான பழக்கத்தைப் பிடித்த பிறகு மாற்றுவது கஷ்டம், பிடிக்காமல் பார்த்துக்கொள்வது சுகம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அது என் குணத்துக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது.

எங்கள் வீடுகளின் வாசலில் ஒரு செருப்புக் கடையே விரிந்திருக்கும். குட்டி வருமுன்னரே அத்தனையையும் கதவுள்ள அலுமாரிக்குள் ஏற்றினேன். கடிப்பதற்கு ரப்பர் சாமான்கள் வாங்கிவைத்தேன். பட்டாசுச் சத்தத்தைப் போனில் மெதுவாகப் போட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், சக்கர நாற்காலியில் வருகிறவர் என்று எல்லோரையும் அவனுக்குத் தூரத்திலிருந்து காட்டினேன்.

தனியாக இருக்கவும் பழக வேண்டுமாமே. வீட்டைப் பூட்டிவிட்டு, ஆதிரையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய், குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுவிட்டுத் திரும்புவேன். பக்கத்து வீட்டுக்காரர் யன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். கணவனோடு சண்டைபோட்டுக்கொண்டு வெளிக்கிட்டவள் என்று நினைத்திருப்பார்.

பலன் இருந்தது. ஜிம்மி கதிரைக் காலைக் கடிக்கவில்லை. காரணமில்லாமல் குரைக்கவில்லை. ஆதிரை அவன் பக்கத்தில் குந்தியிருந்து அவனுக்குக் கதை சொன்னாள். நானும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாயைத் தடவினேன். அதன் காதுக்குப் பின்னால் அவ்வளவு மெதுமை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வதனி மச்சாள் மட்டும் சமாதானமாகவில்லை. அவர் குகனின் அக்கா. பல வருஷம் பாரிஸில் இருந்துவிட்டு இப்போது எட்மண்டனில் இருக்கிறார். லண்டனின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு, கறிச் சட்டிகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஜிம்மியைக் கண்ட முதல் நாள் வாசலைத் தாண்டவில்லை.

"சாமிப்படம் வைச்சிருக்கிற வீட்டுக்குள்ள நாயோ? முருகன் என்ன நினைப்பார்?"

"முருகன் என்ன நினைச்சாலும் வைரவர் சந்தோசப்படுவார் அக்கா. நாய் அவற்ற வாகனமெல்லே" என்றார் குகன்.

மச்சாள் கறிச் சட்டிகளை வாசலிலேயே தந்தார். அடுத்த தடவை வந்தபோது ஜிம்மிக்கென்று ஒரு சின்ன டப்பாவில் இறைச்சி இருந்தது.

கோப்பை வெறுமையான கதை

ஜிம்மியைப் பற்றி நான் கவலைப்படத் தேவையில்லாத அந்த நாட்களில் ஆதிரையைப் பற்றித்தான் கவலை. அவள் சாப்பிட மாட்டாள். கிளினிக்கில் எடை நிறுத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் குறைவு, பார்ப்போம்" என்றார்கள். அந்தப் 'பார்ப்போம்' போதும், எனக்கு ஒரு வாரத்து நித்திரை போக.

மச்சாள் என்னை விடவில்லை. "பிள்ளை நாரா மெலிஞ்சு போச்சு. நீர் என்ன, காத்தே தீத்திறீர்?"

எங்கள் ஆட்கள் பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துகிற, அதாவது ஊட்டுகிற, முறை உங்களுக்குத் தெரியும். பிள்ளை ஒரு இடத்தில் இருக்காது. நாங்கள் கோப்பையை ஏந்திக்கொண்டு பின்னால் போவோம். காகத்தைக் காட்டுவோம், பஸ்ஸைக் காட்டுவோம், பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கிற நேரத்தில் சோற்றை உள்ளே தள்ளிவிடுவோம். காகத்துக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய். என் யன்னலுக்குக் காகம் வருவதில்லை. ஜிம்மி இருந்தான்.

"ஜிம்மிக்கு ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய்."

ஆதிரை வாயைத் திறந்தாள். ஜிம்மி விழுங்குவதைப் பார்த்துத் தானும் விழுங்கினாள். அன்று கோப்பை வெறுமையானது. நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன். வீடியோ கோலில் பார்த்த மச்சாள், "கெட்டிக்காரி!" என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

இப்படித்தான் எங்கள் மூவரின் ஊர்வலம் தொடங்கியது. அந்த மழை நாள்வரை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

"நானே கொண்டுபோய் விடுறன்"

உறுமிய அன்று பின்னேரம் குகன் வேலையால் வந்ததும் சொன்னேன்.

"கடிக்க வந்தவனோ?"

"இல்லை."

"பல்லுக் காட்டினவனோ?"

"நான் பல்லைப் பாக்கேல்லையப்பா. பிள்ளையைத் தூக்கினன்."

அவர் வேலை உடுப்போடு நிலத்தில் இருந்தார். ஜிம்மி போய் அவர் முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டான்.

"இன்னொருக்கா உறுமினா வைச்சிருக்க ஏலாது. பிள்ளையோட விஷப்பரீட்சை வைக்க ஏலாது" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

குகன் நாயின் தலையிலிருந்த கையை எடுக்கவில்லை. "ஓம். அப்பிடியெண்டா நானே கொண்டுபோய் விடுறன். நீர் வர வேண்டாம்."

சோபாவில் ஆதிரை நித்திரை. நாயைக் கண்டு அலறிய பிள்ளை இப்போது நாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு கண்விழிக்கிறாள். இவனை அனுப்பிவிட்டால் அவளுக்கு நான் திருப்பிக் கொடுக்கப்போவது அந்தப் பழைய பயத்தைத்தான். வைத்திருந்தால், ஒரு பல் போதும். இரண்டில் எதைத் தெரிந்தெடுத்தாலும் நல்ல தாய் இல்லை என்று தோன்றியது.

அடுத்த நாள் மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். பேசிய நேர்ஸிடம், உறுமியதற்கு அவனை அடித்துத் திருத்தவா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். உறுமல் என்பது நாய் வாய் திறந்து சொல்கிற எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கலாம். உடம்பில் எங்காவது நோவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கக் கூட்டிவரச் சொன்னார். அதுவரை சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையும் நாயும் வேறு வேறாக இருக்கட்டும் என்றார்.

"பருப்பில் வெங்காயம் போட்டீர்களா?" என்றும் கேட்டார்.

எங்கள் எந்தக் கறியில் வெங்காயம் இல்லை? நாய்க்கு அது ஆகாதாம். பொடி எழுத்தெல்லாம் வாசித்த நான் இதை வாசித்துமிருந்தேன். ஆனால் ஜிம்மிக்குப் போவதை நான் சாப்பாடாகவே எண்ணவில்லை. அது ஆதிரைக்குச் சோறு தீத்துகிற ஒரு வழி மட்டும்தான்.

நல்லகாலமாக ஜிம்மிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நாய்களின் பழக்கங்களைத் திருத்துகிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். அவர், எங்கள் சாதாரண சாப்பாட்டு நேரம் ஒன்றின் வீடியோ இருந்தால் அனுப்பச் சொன்னார்.

கமராவில் ஒரு திருவிழா

வீடியோவுக்கு நான் எங்கும் போக வேண்டியதில்லை. ஆதிரையின் பகல் நித்திரையைக் கண்காணிக்க முன்னறையில் ஒரு கமரா பூட்டிவைத்திருந்தேன். பழைய நாட்களின் பதிவும் அதில் இருந்தது. அனுப்புமுன் நானும் குகனும் சேர்ந்து பார்த்தோம்.

"இதென்ன, சுவாமி வீதிவலம் வருது" என்றார் குகன். "நாதஸ்வரம் ஒண்டுதான் குறை."

"பகிடி விடாம பாருங்கோ."

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். உந்த இடத்தைத் திருப்பிப் போடும்."

திருப்பிப் போட்டேன். நான் உருண்டையை ஆதிரையின் வாய்க்குக் கொண்டுபோகிறேன். அவள் முகத்தைத் திருப்புகிறாள். என் கை அப்படியே கீழே போய் அதை ஜிம்மியின் வாய்க்குள் வைக்கிறது. மறுபடியும் அதே. அவள் வேண்டாம் என்ற ஒவ்வொன்றும் அவனுக்கு.

"அவள் வேண்டாமெண்டா அது தனக்கெண்டு அவன் கணக்குப் பாத்து வைச்சிருக்கிறான்" என்றார் குகன். "அண்டைக்கு அவள் கை நீட்டினது அவனைப் பொறுத்தவரைக்கும் களவு."

இன்னும் ஒன்று கண்ணில் பட்டது. அந்த மழை நாளுக்கு முந்திய பதிவுகளிலேயே ஜிம்மி சில கணங்கள் அசையாமல் நின்றான். ஆதிரை சோற்றை விழுங்குகிற நேரம் அவன் வால் நின்றுபோனது, வாய் மூடிக்கொண்டது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. அவன் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய்

அந்தப் பெண் தந்த திட்டம் எழுதினால் மிகச் சாதாரணமாகத் தெரியும். ஆதிரை மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். ஜிம்மிக்கு அவனுடைய சாப்பாடு வேறு இடத்தில், யாரும் குறுக்கிடாமல். எங்கள் சாப்பாட்டு நேரத்தில் கதவடித் தடுப்புக்கு அப்பால் அவனுக்கென்று ஒரு பாய். பேசாமல் படுத்திருந்தால் கரட் துண்டு ஒன்று பாய்க்குப் போகும். மேசையிலிருந்தும் எங்கள் கையிலிருந்தும் ஒன்றும் வராது. விழுந்ததைப் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். இரண்டு பேரையும் ஒருபோதும் தனியே விடக்கூடாது.

நாய்க்குச் சொன்ன மருந்தில் பாதி எனக்கு என்று வீட்டுக்கு வரும்போதுதான் விளங்கியது. கோப்பையோடு பிள்ளையின் பின்னால் திரிவதை நான் நிறுத்த வேண்டும்.

முதல் நாட்கள் கொடுமை. ஒரு பக்கம் வாயை இறுக்கி மூடிய பிள்ளை, மறுபக்கம் வாயைத் திறந்து ஊளையிடும் நாய். நடுவில் நான். ஆதிரை சோற்றைத் தட்டிவிட்டாள். ஒருநாள் கோப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இன்றைக்கு மட்டும் ஒரு வாய் தீத்திவிடுவோமா என்று என் கை எழும்பும். பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டு நாயை வளர்க்கிறேனா என்று நினைப்பு வரும். கையைக் கதிரையில் வைத்து அதன் மேலேயே இருந்துகொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஆதிரை தானாகவே ஒரு உருளைக்கிழங்குத் துண்டை எடுத்தாள். பிசைந்தாள், மணந்தாள், வாயில் வைத்தாள். தடுப்புக்கு அப்பால் படுத்திருந்த ஜிம்மியைப் பார்த்து அதிகாரமாக, "நீ உன்ர பாயில இரு. நான் என்ர கதிரையில" என்றாள். குகன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். நான் கரட் துண்டைப் பாய்க்கு எறிந்தேன். குறி தப்பி அது ஜிம்மியின் தலையில் பட்டது.

அடுத்த முறை கிளினிக்கில் நிறுத்தபோது 'பார்ப்போம்' என்று யாரும் சொல்லவில்லை.

மச்சாளின் கை

தடுப்பைத் திறந்துவைத்து, ஜிம்மியின் கழுத்து வாரைக் குகன் பிடித்துக்கொண்டு பழக்கத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். வெங்காயத்தைப் பற்றியும் பாயைப் பற்றியும் போனிலேயே சொல்லியிருந்தேன். "ஓம் ஓம்" என்று கேட்டுக்கொண்டார்.

கணவாய்க் கறியும் சோறும். ஆதிரை கதிரையில், ஜிம்மி பாயில், எல்லாம் ஒழுங்கு. மச்சாள் தன் கோப்பையில் ஒரு உருண்டையை அழகாக உருட்டினார். மேசைக்குக் கீழே கையை நீட்டினார்.

"வாடா குஞ்சு. இவையள் உன்னைப் பட்டினியில காய விடுகினம்."

ஜிம்மி எழுந்தான். அவனுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஆதிரையின் கதிரை.

"மச்சாள், போடாதேங்கோ!"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மச்சாளின் கை அந்தரத்தில் நின்றது. உருண்டை உதிர்ந்து நிலத்தில், ஆதிரையின் காலடியில் விழுந்தது. குகன் வாரை இறுக்கிப் பிடித்தார். ஆதிரை குனிந்து பார்த்தாள். ஜிம்மி பார்த்தான். நான் எழுந்து நடுவில் நின்றேன்.

"ஜிம்மி, பாய்."

சோற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உடம்பு இறுகவில்லை, சத்தம் வரவில்லை. பெரிய மனிதர்போல ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப்போய்ப் பாயில் படுத்தான். குகன் கையிலிருந்த கரட் முழுவதையும் அள்ளி அவனுக்கு முன்னால் போட்டார். ஆதிரை தன் சோற்றுக்குத் திரும்பினாள். கொண்டுபோய் விடுகிற பேச்சு எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை.

ஆனால் மச்சாளின் முகம் வாடிவிட்டது.

"என்ர கையில என்ன, நஞ்சே இருக்கு?"

"இல்லை மச்சாள். அவன் பழகிற வரைக்கும்..."

"நான் ஒருக்கா உறுமினா எனக்கும் ஒரு பாய் போடுவீரோ?"

குகன் சிரித்தார். மச்சாளும் சிரித்தார், ஆனால் பாதிதான். பிறகு, "தகோர், தகோர்" என்றார். பிரெஞ்சில் 'சரி, சரி'. சரியில்லாதபோதுதான் அவருக்குப் பிரெஞ்சு வரும்.

அதற்குப் பிறகும் மச்சாள் வந்திருக்கிறார். ஆதிரைக்குச் சட்டை கொண்டுவருகிறார், ஜிம்மிக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவருகிறார். கறிச் சட்டி மட்டும் வருவதில்லை. கேட்டால், "உங்கட வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாது பிள்ளை" என்கிறார்.

வருகிற மாதம் ஆதிரைக்கு மூன்றாவது பிறந்தநாள். எட்மண்டனிலிருந்தும் நோர்பரியிலிருந்தும் சொந்தங்கள் வரும். வீடு நிறைய ஆட்கள், ஆள் ஆளுக்குக் கையில் ஒரு கோப்பை. எங்கள் ஆட்களுக்கு ஒரு உயிரைப் பிடித்துவிட்டால் வாயால் சொல்லத் தெரியாது. ஒரு உருண்டை உருட்டி நீட்டுவார்கள். பிள்ளைக்கும் நீட்டுவார்கள், நாய்க்கும் நீட்டுவார்கள். ஜிம்மியை அன்று முழுக்க மேலறையில் விடலாம் என்று குகன் சொல்கிறார். ஆதிரையோ தன் கேக்கை ஜிம்மிக்குக் காட்டித்தான் வெட்டுவாளாம்.

வாசகர்களே, உங்களில் நாய் வளர்க்கிறவர்களும், என்னைப்போலப் பயந்து பயந்து பிள்ளை வளர்க்கிறவர்களும் இருப்பீர்கள். அன்பாக நீட்டிய ஒரு கையை நீங்கள் எப்படி மறித்தீர்கள்? என்ன சொல் சொன்னீர்கள்? மறித்த பிறகும் அந்த மனிதர் சமைத்ததை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தாரா? தெரிந்தவர்கள் பிறந்தநாளுக்கு முன்னர் எழுதுங்கள். மச்சாளை நானே போன் எடுத்துக் கூப்பிட வேண்டியிருக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிடுவது?